வித்தியாசம் தெரியாதது உங்கள் கைப்பிழை இல்லை

பார்க்கின்சன் நோயாளியின் தோலிலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, டோபமைன் நியூரானாக (அந்த நோயில் அழியும் நரம்புச் செல்லாக) வளர்த்து 40 நாள் ஆகியும் நலமானவர் செல்லோடு வித்தியாசம் தெரியவில்லை என்கிறீர்கள். மனம் தளராதீர்கள். முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றும் யாமனாகா முறையில் செல்லின் வயதும் பெருமளவு அழிந்துவிடுகிறது. முதுமையில் வரும் பார்க்கின்சன் இளம் நியூரானில் எப்படிச் சட்டென்று தெரியும்? மைட்டோகாண்ட்ரியாவை (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பை) முடக்கும் ரோட்டெனோன் என்ற நஞ்சைச் சிறிதளவு கொடுத்து, அது எப்படித் தாங்குகிறது என்று சோதித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், வேறொருவர் செல்லோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு மனிதர்களுக்கு இடையிலான இயல்பான வேறுபாட்டிலேயே நோயின் தடம் மறைந்துவிடும். பார்க்கின்சனோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் பிறழ்வு இருந்தால், மரபணுவைத் திருத்தும் கருவியான கிறிஸ்பரால் அதை மட்டும் திருத்தி, திருத்திய செல்லையும் திருத்தாத செல்லையும் ஒப்பிடுங்கள். பிறழ்வே தெரியாதென்றால் எஸ்என்சிஏ மரபணு மும்மடங்கான செல்களில் தொடங்குங்கள். அவற்றின் நியூரான்களில், அந்த மரபணு உண்டாக்கும் ஆல்ஃபா-சைனியூக்ளின் புரதம் இரு மடங்கு இருப்பதை 2011இலேயே காட்டிவிட்டார்கள்.

உங்கள் செல் வளர்ப்புத் தட்டில் டோபமைன் நியூரான் எத்தனை சதவீதம்? எழுதுங்கள், பார்க்கலாம்.