பதினொரு சாமியார், ஒரு பூசை

கேள்வி: எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் இந்த ஆண்டு பதினொரு சாமியார்கள் சேர்ந்து கூட்டுத் திருப்பலி நிறைவேற்றினார்கள். பதினொரு பூசை கண்ட பலன் கிடைக்குமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பதினொரு பேர் கரண்டி பிடித்தாலும் அடுப்பில் இருப்பது ஒரு கூட்டுதானே ஐயா! கூட்டு என்றதும் நான் சாப்பிட்டு வளர்ந்த மெஸ் ஞாபகம் வருகிறது. அங்கே கூட்டுக்குப் பருப்புதான் தலைமை. சுரைக்காய் வெளியிலிருந்து ஆதரவு. தேங்காய் பேச்சுவார்த்தையோடு சரி.

உங்கள் கணக்கை ரோமாபுரியில் தலைகீழாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நூறு குருக்கள் ஆளுக்கொரு பூசை வைப்பதும், நூறு பேரும் பக்தியோடு ஒரே பூசையில் பங்கெடுப்பதும் ஒன்றுதான் என்றார்கள் சிலர். 1954-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அதைத் தவறென்று தள்ளினார். அன்றைக்கு இருந்தது 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம்: குருப்பட்டம், ஆயர் அபிஷேகம் தவிர வேறெதற்கும் கூட்டுப் பூசை கூடாது. பெரிய மடங்களில் பக்கத்துக்கொரு பீடம், பீடத்துக்கொரு சாமியார், பதில் சொல்ல ஒரு பையன் என்று விடியற்காலையில் முணுமுணுப்பாக இருக்கும். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் கதவைத் திறந்தது. 1965-ல் சடங்கு முறை வந்தது. கீழைத் திருச்சபைகளுக்கு, அதாவது கிழக்கத்திய மரபுக் கிறிஸ்தவர்களுக்கு, இது பழைய பழக்கம்தான்.

ஆக, நீங்கள் கண்டது ஒரே பூசை. ஆனால் பதினொருவரும் ஆளுக்கொரு கருத்துக்காக, அதாவது வேண்டுதலுக்காக, ஒப்புக்கொடுக்கலாம், காணிக்கையும் வாங்கலாம். அன்றைக்கு அது ஒருவருக்கு இரண்டாவது பூசையென்றால் அவர் அதற்கு எந்தப் பெயரிலும் காசு தொடக் கூடாது. 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் கணக்குப்பிள்ளை யாரோ இருந்திருக்கிறார்!

இன்னொரு விதியும் உண்டு. எழுந்தேற்றத்தில் (அப்பத்தையும் ரசத்தையும் அர்ச்சிக்கும் வேளையில்) எல்லாரும் சேர்ந்து சொல்லும் வசனங்களை, தலைமைக் குருவின் குரல் தெளிவாகக் கேட்கும்படி மற்றவர்கள் தணிந்த குரலில் சொல்ல வேண்டும். மைக்செட்காரரிடம் யாராவது இதைச் சொன்னால் புண்ணியமாய்ப் போகும்.

என் பழைய வழக்குக்கு வருகிறேன். கேள்வியில் 'கூட்டுத்' என்று 'த்' போட்டிருக்கிறீர்கள். நீங்கள் நீடூழி வாழ்க. கூட்டுக் குடும்பம், கூட்டுப் பண்ணை மாதிரி இங்கேயும் வலி மிகும். திருவிழாச் சுவரொட்டிகளில் மட்டும் எப்போதும் 'கூட்டு திருப்பலி'. குருத்துவத்தின் ஒற்றுமையைக் காட்டத்தான் கூட்டுத் திருப்பலி என்கிறது சங்கம். சுவரொட்டிக்காரர் அதில் 'மை'யை மட்டும் தாராளமாக வைத்துக்கொண்டு, 'ஒற்று' வேண்டாமென்று விட்டுவிட்டார்.