ஆக்ஸிஜன் 97 இருந்தும் மூச்சு ஃபெயிலியரா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 68 வயசு, நாப்பது வருஷம் பீடி குடிச்சவர், சிஓபிடின்னு மூச்சுக்குழாய் அடைச்சுக்கற நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கு. வீட்ல ஆக்ஸிஜன் குடுக்கற மெஷின், கான்சன்ட்ரேட்டர், நிமிஷத்துக்கு 1 லிட்டர்ல ஓடும். போன வாரம் ராத்திரி ரொம்ப மூச்சு வாங்குச்சு, விரல்ல மெஷினை மாட்டிப் பாத்தா ஆக்ஸிஜன் 87. பயந்துபோய் 5 லிட்டருக்கு ஏத்திட்டேன், 97 வந்துச்சு, அப்பாடா நல்லா தூங்குறாருன்னு நெனச்சா காலைல எழுப்ப எழுப்ப கண்ணே தொறக்கல. ஆஸ்பத்திரில ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்னு சொல்லி பைபாப்னு மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சுக்கு உதவுற மெஷின் போட்டாங்க. 97 இருக்கும்போது அது எப்படி வரும்?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: மொதல்ல உங்களையே நொந்துக்காதீங்கம்மா. கொரோனா சமயத்துல 94க்கு கீழ போனா ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு ஊரே சொல்லிச்சு, அதுக்கப்புறம் 87ஐ பாத்தா யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

நுரையீரலுக்கு ரெண்டு வேலை. ஆக்ஸிஜனை உள்ள எடுக்கணும், கார்பன் டை ஆக்சைடை வெளிய தள்ளணும். இதுல எது படுத்தாலும் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்தான். ரத்தத்துல ஆக்ஸிஜன் அழுத்தம் 60க்கு கீழ போறது ஒரு வகை, விரல் மெஷின்ல அது ஏறக்குறைய 90ன்னு காட்டும். கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 45ஐ தாண்டுறது இன்னொரு வகை, அப்பாவுக்கு வந்தது இதுதான். விரல்ல மாட்டுற மெஷினுக்கு கார்பன் டை ஆக்சைடுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, மணிக்கட்டுல ஊசி குத்தி எடுப்பாங்களே ஏபிஜின்னு ஒரு ரத்த டெஸ்ட், அதுலதான் தெரியும்.

சரி, ஆக்ஸிஜன் கூடுனா அது ஏன் ஏறணும்? பீடிப் புகைல கெட்டுப்போன பகுதிக்கு ரத்தம் வீணா போகக்கூடாதுன்னு அங்க இருக்கற குழாய்களை நுரையீரலே சுருக்கி வச்சிருக்கும். நீங்க ஆக்ஸிஜனை அள்ளி விட்டதும் அந்தக் குழாய்லாம் தொறந்துக்கும், ரத்தம் காத்து சரியா போய்வராத எடத்துக்குப் பாஞ்சு கார்பன் டை ஆக்சைடை எறக்கி வைக்க முடியாம அப்படியே திரும்பி வந்துடும், அது போதாதுன்னு மூச்சு இழுக்கற வேகமும் கொஞ்சம் கொறையும். அப்படி சேந்தது மூளைக்குப் போய் மயக்க மருந்து குடுத்த மாதிரி ஆளை அமுக்கிடும். அன்னைக்கு நீங்க பாத்தது தூக்கம் இல்லம்மா.

இனிமே காலைல தலைவலின்னாலோ, பேச்சு குழறுனாலோ, பகல்லயே சொக்கி சொக்கி விழுந்தாலோ உஷாராகுங்க. ரெண்டு கையையும் பஸ்ஸை நிறுத்தற மாதிரி நீட்டச் சொல்லுங்க, மணிக்கட்டு படபடன்னு அடிச்சுதுன்னா உடனே 108. அதுக்காக மெஷினை பட்டுனு ஆஃப் பண்ணிடாதீங்க, ஆக்ஸிஜன் தடாலுனு எறங்கிடும், அதுவும் ஆபத்து.

இந்த மாதிரி ஆளுங்களுக்கு 88ல இருந்து 92 வரைக்கும் இருந்தா போதும். உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு அந்த நம்பரை ஒரு துண்டு பேப்பர்ல எழுதி மெஷின்மேலயே ஒட்டிடுங்க, ராத்திரி யாரு எழுந்து பாத்தாலும் கை திருகுக்குப் போகாது.