1560 யாழ்ப்பாணக் கிளர்ச்சி: பறங்கியர் சொன்னதும் நம்மவர் சொன்னதும்

கேள்வி: 1560இல் பறங்கியருக்கு (போர்த்துக்கேயருக்கு) எதிராக யாழ்ப்பாணத்தார் கிளர்ந்ததை இரு தரப்பும் எப்படிப் பார்த்தன?

போர்த்துக்கேயர் கதையை 1544இலிருந்து தொடங்குவார்கள். மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களை யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி கொன்றான்; அதற்குத் தண்டனை கொடுக்கத்தான் கோவாவிலிருந்து போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி பிரகன்சா கப்பற்படையோடு வந்தார். தலைநகர் நல்லூர் விழுந்தது, உடன்படிக்கையும் ஆனது. அப்புறம் ஊர் எழும்பியதை, சொன்ன சொல் தவறிய துரோகமாகவே போர்த்துக்கேயர் எழுதினார்கள். அரண்மனைக்குள் அந்நியப் படை குந்தியிருந்தால் சனம் என்ன செய்யும் என்று கேட்பதில்லை. கடைசியில் பிரகன்சா பின்வாங்கி மன்னாரில் கோட்டை கட்டியதோடு சரி.

நம்மவர் பக்கம்தான் சிக்கல். கையில் இருப்பது யாழ்ப்பாண வரலாற்றைச் சொல்லும் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. எழுதப்பட்டது 18ஆம் நூற்றாண்டில், அதுவும் ஒல்லாந்து (டச்சு) அதிகாரி கேட்டு. ஒல்லாந்தர் பறங்கியரை விரட்டியவர்கள். ஆகவே பறங்கியரைத் திட்டுவதில் புலவருக்கு ஆபத்தில்லை. முதலாம் சங்கிலியையும் பிற்காலத்து இரண்டாம் சங்கிலியையும் வைபவமாலை ஒருவராக்கிவிடுகிறது. அதன் கணக்கில் யாழ்ப்பாணம் பறங்கியரிடம் தோற்றதற்குக் காரணம் பீரங்கி அல்ல, காக்கை வன்னியன் என்ற தலைவனின் காட்டிக்கொடுப்பு. ஆனால் சங்கிலியும் அதில் நல்லவனில்லை, அரசைப் பறித்த கொடியவன். நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரையேறி வாளோடு நிற்கும் சங்கிலியன் சிலையை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

ஆக, 1560இன் நிகழ்வு வரிசைக்குப் போர்த்துக்கேயக் குறிப்புகளையே நம்பவேண்டியிருக்கிறது. கிளர்ந்தவர்களின் மனதை அவற்றில் தேடாதீர்கள். அவர்கள் எழுதிவைத்த ஏடு எதுவும் நம் கையில் இல்லை.