சப்-1 நெல்லு டிஎன்ஏ மாத்துன விதையா?

கேள்வி: சார், நமக்கு கீழ்வேளூர் பக்கம், பள்ளக்கால் நிலம். ஐப்பசி கார்த்திகைல தண்ணி ஏறுனா வடிய பத்து நாள் ஆயிரும். சி.ஆர் 1009 சப்-1 போடுங்கறாங்க. அது டிஎன்ஏ மாத்துன விதையாமே? விதை எடுத்து வச்சுக்கலாமா?

பதில்: அண்ணே, யாரும் எதையும் மாத்தல, டிஎன்ஏவை படிச்சுதான் பாத்தாங்க. ஒடிசால எஃப்ஆர்13ஏ-ன்னு பழைய நெல்லு, முழுசா முங்குனாலும் சாகாது ஆனா விளைச்சல் கம்மி, அதை நல்ல ரகத்தோட சேத்தா தாங்குற குணம் வர்றப்ப வேண்டாத குணமும் கூடவே ஒட்டிட்டு வந்துரும், வருசக்கணக்கா இதே ரோதனை. 2005-ல நெல்லோட ஜீனோம், அதாவது அதோட டிஎன்ஏ மொத்தத்தையும் படிச்சு முடிச்சாங்க (அந்த டிஎன்ஏ குரோமோசோம்னு தனித்தனி இழையா இருக்கும், அதுல 11வதுல ஒரு பகுதி நம்ம இந்தியா படிச்சது), 2006-லயே 9வது குரோமோசோம்ல இருக்கற சப்1ஏ ஜீன்தான் காரணம்னு பிடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நாத்துல ஒரு துண்டு இலை கிள்ளி லேப்ல பாத்தா போதும், ஜீன் இல்லாததை தூக்கிப் போட்டுட்டு இருக்கறதை மட்டும் நம்ம சி.ஆர் 1009 ரகத்தோட திரும்பத் திரும்ப சேத்துட்டே வந்தாங்க. எல்லாம் மகரந்தச் சேர்க்கைதான். பெரியாஸ்பத்திரில சளி எடுத்து டிபி கிருமிக்கு ரிபாம்பிசின்ங்கற மருந்து கேக்குமான்னு ரெண்டு மணி நேரத்துல சொல்றாங்கல்ல, அங்கயும் கிருமியோட டிஎன்ஏவைத்தான் பாக்கறாங்க.

சாதா நெல்லு முங்குனா மேல வரணும்னு விறுவிறுன்னு நீளும், இருக்கற சத்தெல்லாம் அதுலயே தீந்து தண்ணி வடிஞ்சதும் துவண்டு விழுந்துரும். சப்-1 நீளாம கம்முனு இருந்துக்கும், ரெண்டு வாரம் போல தாங்கும். உங்க பத்து நாளைக்கு சரியா வரும்.

ஆனா ஒன்னு, உங்க பக்கம் நேரடி விதைப்பு ஜாஸ்தி, விதைச்ச உடனே மழை பேஞ்சு தண்ணி கட்டுனா இந்த ஜீன் காப்பாத்தாது, முளைப்பு அழுகத்தான் செய்யும். பூக்கற நேரத்துல முங்குனாலும் நம்பாதீங்க. தூர் கட்டற பருவம்தான் இதுக்கு பலம்.

தண்ணி வடிஞ்சதும் இலை மஞ்சளா சேறு பூசிக் கெடக்கும், போச்சுன்னு உழுதுறாதீங்க, நடுக்குருத்தைப் பிடிச்சுப் பாருங்க, வெள்ளையா கெட்டியா இருந்தா பயிர் உசுரோட இருக்குன்னு அர்த்தம். புது இலை விட்டப்புறம் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு ராத்திரியே கலந்து வச்சு காலைல 17 கிலோ பொட்டாஷ் சேத்துப் போடுங்க.

விதை தாராளமா எடுத்து வைங்க, ஹைபிரிட் இல்ல. மத்த ரகம் கலந்த கதிரை மட்டும் அறுப்புக்கு முன்னாடியே புடுங்கிருங்க.