கோல்கீப்பராக நிற்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் ஹாக்கிக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் சாக்ரமெண்டோவில் இருக்கிறேன், வயது 38. மகள் இரண்டு வருடமாக இன்லைன் ஹாக்கி (சக்கர ஸ்கேட்டில் ஆடும் ஹாக்கி) ஆடுகிறாள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்த அம்மா அப்பாக்கள் சேர்ந்து, ஞாயிறு இரவுகளில் நாங்களும் ஆட ஆரம்பித்தோம். கோல்கீப்பர் யாரும் இல்லை. ஊரில் அண்ணன்களோடு ஆடும்போது விக்கெட் கீப்பிங் செய்திருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன், உடனே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் 11 கோல். ஐந்து ஆட்டம் ஆகியும் 8-க்குக் கீழே வரவில்லை.

யூடியூபில் பார்த்து, மண்டியிட்டுச் சறுக்கிப் பார்க்கிறேன். சறுக்கவே மாட்டேன் என்கிறது, முழங்கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டு) வரும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது. ‘முதலில் ஐஸில் போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள், இது சும்மா பொழுதுபோக்கு’ என்கிறார் ஒருவர். கால் பேட், மாஸ்க் எல்லாம் அங்கே கிடந்த பழையவை. சொந்தமாக எதை வாங்குவது? இந்த வயதில் இது வருமா? விட மனசில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

சறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தவறு உங்களிடம் இல்லை, தரையில் இருக்கிறது.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஐஸ் ஹாக்கி கீப்பர்களுடையவையாக இருக்கும். முழங்கால்களை மடக்கித் தரையில் விழுந்து, இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்துக் கீழ்ப்பகுதியை அடைத்துவிடுவார்கள். இதற்குப் பட்டர்ஃபிளை என்று பெயர். கிளென் ஹால் காலத்தில் துளிர்த்த முறை, 1980-களின் நடுவில் வந்த பாட்ரிக் ருவாவுக்குப் பிறகு எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. ஐஸில் அந்த நிலையிலேயே ஒரு உந்து உந்தினால் போதும், பேட் வழுக்கிக்கொண்டு ஒரு போஸ்ட்டிலிருந்து இன்னொரு போஸ்ட்டுக்குப் போய்விடலாம். நம் ரிங்கில் பிளாஸ்டிக் டைல். பேட் அதில் பட்டதும் பிடித்துக்கொள்ளும். பேடின் உள்விளிம்பில் மாட்டிக்கொள்ள வழுவழுப்பான உறைகள் விற்கிறார்கள். மெழுகிய மாதிரி இருக்கும் தரையில் அவை ஓரளவு உதவும், கோத்து வைத்த டைல்களில் அவ்வளவு உதவாது. எப்படியும் முதல் ஆறு மாதத்துக்கு அவை உங்களுக்கு வேண்டாம்.

ஸ்கேட்டிலும் அதே கதைதான். ஐஸ் கத்தியைப் பக்கவாட்டில் திருப்பினால் ஐஸைச் சுரண்டிக்கொண்டு நிற்கும். சக்கரம் உருளும், இல்லையென்றால் பிடிக்கும், பக்கவாட்டில் வழுக்காது. ஐஸ் கீப்பர் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாலும் சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிடுவார். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. அடிப்பவர் ஸ்டிக்கை ஓங்குவதற்கு முன்னாலேயே நாம் போய் நின்றிருக்க வேண்டும். இன்லைன் கீப்பிங்கில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான், மற்ற எல்லாம் இதிலிருந்து வருகிறது.

எங்கே போய் நிற்பது? இதற்கு ஒரு கயிறு வேண்டும். கொடி கட்டுகிற சாதாரண நைலான் கயிறு போதும். வலையின் இரண்டு போஸ்ட்டிலும், தரையை ஒட்டி, தலா ஒரு கயிறு கட்டுங்கள். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 20 அடி தள்ளி வந்து, பக் இருக்கும் இடத்தில் உங்கள் மகளை உட்கார வைத்து அவள் கையில் கொடுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். அதற்கு வெளியே போகும் எந்தப் பக்கும் உங்களுக்குக் கவலை இல்லை. இப்போது பேட் எல்லாம் போட்டுக்கொண்டு கோல் கோட்டின் மேல் நில்லுங்கள். வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். இரண்டு பக்கமும் கயிறு உங்களை விட்டுத் தள்ளியே கிடக்கும். நான்கு அடி முன்னே வாருங்கள். முக்கோணத்தின் அகலம் அங்கே 5 அடிக்கும் குறைவு. நீங்கள் வளரவில்லை, வலை சுருங்கிவிட்டது. அப்படியே மகளைப் பக்கவாட்டில் நகரச் சொல்லி, இரண்டு கயிறும் இரண்டு காலிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்கும்படி நீங்களும் நகருங்கள். பத்து நிமிடம் கழித்து இடம் மாற்றிக்கொள்ளுங்கள். அவளை வலைக்கு முன்னால் நிறுத்தி, நீங்கள் தரையில் குனிந்து பக்கின் உயரத்திலிருந்து வலையைப் பாருங்கள். அடிப்பவர் ஸ்டிக்கின் உயரத்திலிருந்து பார்க்கும்போது எவ்வளவு இடம் தெரிகிறது, எங்கே தெரிகிறது என்பது அப்போதுதான் விளங்கும். நான் இதை ஒரு வருடம் கழித்துத்தான் செய்து பார்த்தேன். நீங்கள் இந்த வாரமே செய்யுங்கள்.

விக்கெட் கீப்பிங் உங்களுக்கு ஒரு விதத்தில் பெரிய உதவி, ஒரு விதத்தில் இடைஞ்சல். பந்தைக் கைக்குள் வந்து சேரும் வரை பார்ப்பது அங்கே பழகியிருப்பீர்கள், அதை விடாதீர்கள். ஆனால் விக்கெட் கீப்பர் பந்து போகும் திசைக்குப் போகிறவர். இங்கே அப்படிப் போனால், கை ஒரு பக்கம் நீளும், உடம்பு சாயும், இரண்டு காலுக்கு நடுவே கதவு திறந்துகொள்ளும். நீங்கள் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் தரையோடு தரையாக அந்த வழியில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். முழங்கால் மடங்கட்டும், எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்கட்டும். ஸ்டிக்கின் அகன்ற பகுதி காலுக்கு ஒரு சாண் முன்னால் தரையில் படிந்தே இருக்க வேண்டும், நகரும்போதும்கூட. கேட்சிங் கிளவ் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் இருக்கட்டும்.

அப்புறம் கால். பக்கே இல்லாமல் இருபது நிமிடம் நகருங்கள். தூரம் அதிகமென்றால் ஒரு பாதத்தைப் போகும் திசைக்குத் திருப்பி, இன்னொரு காலால் தள்ளிப் போய் நில்லுங்கள். தூரம் குறைவென்றால் தோள் திரும்பாமல், சின்னச் சின்ன எட்டு வைத்துப் பக்கவாட்டில். ஒவ்வொரு முறையும் முழுதாக நின்றுவிட்டு அடுத்த நகர்வு. நிற்பதுதான் கஷ்டம், நகர்வது இல்லை. விழுந்தால் எழுவதையும் தனியாகப் பழகுங்கள். ஒரு முழங்காலைத் தூக்கி, அந்தப் பாதத்தின் எல்லாச் சக்கரமும் தரையில் பட்ட பிறகு எழுந்திருங்கள். முன்சக்கரத்தில் மட்டும் எடையைப் போட்டு எழுந்தால் அது பின்னால் உருண்டு, மறுபடி முழங்காலில் விழுவீர்கள்.

கண் மூடுவது பற்றி. முகத்தை நோக்கி ஏதாவது வந்தால் இமை மூடுவது உடம்பின் இயல்பு, அதற்காக வெட்கப்படாதீர்கள். வீட்டு வாசலில் மாஸ்க்கும் மார்புக் கவசமும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மகள் பத்தடி தள்ளி நின்று டென்னிஸ் பந்தை மெதுவாக மாஸ்க் மேல் எறியட்டும். பந்தில் வளைந்து ஓடும் வெள்ளைக் கோடு இருக்கிறதல்லவா, அது மாஸ்க்கில் படும் வரை அதையே பாருங்கள். தினமும் ஐம்பது எறி போதும். இரண்டு வாரத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆட ஆரம்பித்த இரண்டாவது மாதம், நெஞ்சு உயரத்துக்கு வந்த ஒரு அடியைப் பார்த்து நான் முகத்தை இடப்பக்கம் திருப்பினேன். காதுக்குக் கீழே, மாஸ்க் முடிந்து கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் பட்டது. மூன்று நாள் தலையைத் திருப்ப முடியவில்லை. நேராகப் பார்த்திருந்தால் கவசத்தில் பட்டு என் காலடியில் விழுந்திருக்கும். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் முகத்தில் பட்டு ரத்தம் கொட்டிய பிறகு, தையல் போட்டுக்கொண்டு வந்த கீப்பர் ஜாக் பிளான்ட், மாஸ்க் இல்லாமல் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆட்டத்தில் மாஸ்க் போடுவது அவருடைய பயிற்சியாளருக்கே பிடிக்காத காலம் அது. நாம் நேராகப் பார்ப்பதற்காகக் கிடைத்த பொருள் மாஸ்க், அதை வைத்துக்கொண்டு தலையைத் திருப்பக் கூடாது.

ஐஸில் கற்றுக்கொண்டு வா என்றவருக்கு நான் மரியாதையோடு மறுப்புச் சொல்வேன். ஐஸில் ஒரு பக்கம் 5 பேர், இங்கே 4 பேர். பெரும்பாலான இன்லைன் ஆட்டங்களில் நீலக் கோடு, அதாவது பக்குக்கு முன்னால் தாக்குபவர்கள் தாண்டக் கூடாத கோடு, கிடையாது. அதனால் தனியாக ஓடி வருபவர்களும், இரண்டு பேருக்கு எதிராக நம் ஆள் ஒருவர் மட்டும் இருக்கும் நிலைமையும் இங்கே கீப்பருக்கு மிக அதிகம். பக்கும் வேறு. ஐஸில் கிட்டத்தட்ட 170 கிராம் ரப்பர், இங்கே அதைவிட எடை குறைந்த பிளாஸ்டிக், வழுக்கிப் போவதற்குக் குமிழ்கள் வைத்தது. சில நேரம் விளிம்பில் நின்று உருண்டுகொண்டு வரும், அதைக் கணிப்பதே தனிப் பாடம். இருவர் வரும்போது உங்கள் தடுப்பாட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பாஸை அவர் பார்த்துக்கொள்ளட்டும், பக் வைத்திருப்பவரை நீங்கள். கத்திச் சொல்லுங்கள். ரிங்க் முழுவதும் கண்ணில் தெரிவது உங்களுக்கு மட்டும்தான்.

நம் கலிஃபோர்னியாவில் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 1988-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது இங்கே ஹாக்கி ஆசை பற்றிக்கொண்டது, ஆனால் ஐஸ் ரிங்குகள் கொஞ்சம்தான். பிள்ளைகள் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடங்களிலும் டென்னிஸ் கோர்ட்டுகளிலும் ஆடினார்கள். 1993-ல் தொழில்முறை ரோலர் ஹாக்கி லீக் ஒன்றே தொடங்கியது, முதல் வருடக் கோப்பை அனாஹைம் அணிக்கு.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. மாஸ்க்கும் மார்புக் கவசமும் கழுத்துக் காப்பும் புதிதாக வாங்குங்கள், அதில் காசு பார்க்க வேண்டாம். அங்கே கிடக்கும் மாஸ்க்கில் உள்ளே விரலால் அழுத்திப் பாருங்கள், ஃபோம் கல்லாகியிருக்கும். கம்பி பற்றவைத்த இடத்தில் துரு இருந்தால் இந்த ஞாயிறே போடாதீர்கள். கால் பேட் பழையது போதும், ஆனால் அளவு முக்கியம். மண்டியிடும்போது முழங்கால் அதற்கான மெத்தையில் சரியாக உட்கார வேண்டும். நீங்கள் போடுவது யாரோ உயரமானவருடையது என்றால் முழங்கால் வலிக்கவும் கூடும். சக்கரம் மென்மையானதாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். மேலே அச்சிட்ட எண் குறையக் குறைய மென்மை. உள்ளரங்க டைலுக்கு 72A-யிலிருந்து 78A-க்குள் பாருங்கள். ஜூலை மாத சாக்ரமெண்டோ வெக்கையில் கவசம் எல்லாம் போட்டு ஆடுகிறீர்கள், வெறும் தண்ணீர் போதாது. நான் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கொண்டுபோகிறேன். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் காய வைத்துவிடுங்கள்.

வயது கேட்டீர்கள். மனோன் ரெயோம் 1992 செப்டம்பர் 23 அன்று டாம்பா பே அணியின் முன்னோட்ட ஆட்டம் ஒன்றில் வலைக்கு முன்னால் நின்றார். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் அணி ஒன்றுக்காக ஒரு பெண் ஆடியது அதுவே முதல் முறை. ஒரு பகுதி மட்டும் ஆடினார். 9 அடிகளைச் சந்தித்தார், 7 தடுத்தார், 2 உள்ளே போயின. அப்புறம் ரோலர் ஹாக்கியும் ஆடினார். அவருக்கு அப்போது 20 வயது, நமக்கு அது திரும்பி வராது, சரி. ஆனால் நான் மேலே சொன்னவற்றில், போய் நிற்பதற்கும் பார்ப்பதற்கும் 38 வயது தடையே இல்லை.

8, 11 என்று எண்ணுவதை இரண்டு மாதம் நிறுத்திவையுங்கள். மகளிடம் ஒரு காகிதம் கொடுத்து இரண்டு கட்டம் போடச் சொல்லுங்கள். அடி விழும் நொடியில் அம்மா நின்றிருந்தாளா, நகர்ந்துகொண்டிருந்தாளா என்று மட்டும் அவள் குறிக்கட்டும். கோல் ஆனதா இல்லையா என்பது அந்தக் காகிதத்தில் வேண்டாம். நான்கு ஞாயிறுகளின் காகிதங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். கூடவே கணுக்காலிலிருந்து முழங்கால் நடு வரைக்கும், அங்கிருந்து தொடை நடு வரைக்கும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். என்னிடம் ஒரு ஜோடி பேட் சும்மா இருக்கிறது, அளவு பொருந்தினால் சான் ஹோசே பக்கம் வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
அக்கா