தினமும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2022-இல் வாங்கிய ஹூண்டாய் ஐ20 என் லைன் இருக்கிறது. 42,000 கிலோமீட்டர் ஓடியதில், காருடன் வந்த 195/55 ஆர்16 டயர்கள் தேய்ந்துவிட்டன. தினமும் சரவணம்பட்டியிலிருந்து ரேஸ்கோர்ஸ் வரை அலுவலகப் பயணம். மாதம் இரண்டு முறை வால்பாறை போய்வருவேன். டயர் கடைக்காரர் 17 அங்குல அலாய் வீலும் 205/45 டயரும் போடச் சொல்கிறார். நண்பர், பந்தயக் காருக்குப் போடுவதுபோல மிருதுவான டயர் வாங்கு என்கிறார். என் அப்பாவோ நீண்ட நாள் உழைக்கும் டயராகப் பார்த்து வாங்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
*— எஸ்.ஆர்., கோயம்புத்தூர்*

பதில்: உங்கள் அப்பா சொல்வது பாதி சரி, மற்ற இருவர் சொல்வதும் உங்கள் காருக்குப் பொருந்தாது. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நகர நெரிசலில், மணிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கழிகிறது. அங்கே எந்த நல்ல டயரும் போதும். டயருக்கு உண்மையான சோதனை ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் தென்மேற்குப் பருவமழைத் தூறலில்தான் வருகிறது. தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அந்த மலையில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஈரச்சாலையில் எது நன்றாகப் பிடிக்கும் என்பதே உங்களுக்கு முதல் கேள்வி என்பது விளங்கும்.

உங்கள் கார் 120 குதிரைத்திறனும் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. அந்த முறுக்குவிசை முழுவதும் என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுழற்சி சுழலும்போதே கிடைத்துவிடுகிறது. சாலையைத் தள்ளுவதும், திரும்புவதும், பிரேக் விசையில் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் சக்கரங்களே. அதனால்தான் ஈரமான சாலையில் சிக்னலில் சற்று அழுத்தமாக மிதித்தாலும் முன் சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றன. இதைக் குறைப்பதற்கு முதலில் வேண்டியது ரப்பர் கலவையின் தரம். டயரின் அகலமும் பக்கவாட்டுத் தோற்றமும் அதற்குப் பின்தான். சிலிக்கா கூடுதலாகச் சேர்த்த கலவை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், உருளும் தடையையும் குறைக்கும். 1990-களில் இந்த முறை பரவிய பிறகுதான், நன்றாகப் பிடிக்கும் டயர் சீக்கிரம் தேய்ந்தே தீரும் என்ற பழைய கணக்கு பெருமளவு தளர்ந்தது. நீண்ட உழைப்பை மட்டுமே குறியாக வைத்துச் செய்யப்படும் கெட்டியான கலவை டயர்கள் 60,000 கிலோமீட்டர்கூட ஓடலாம். ஆனால் மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் அவற்றை நம்பி நான் காரைத் திருப்ப மாட்டேன். அப்பாவின் பேச்சில் நான் தள்ளிவைக்கும் பாதி இதுதான்.

அடுத்து 17 அங்குல யோசனை. டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்; அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; ஆர்-க்குப் பின் வருவது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 205/45 ஆர்17 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 616 மில்லிமீட்டர். உங்கள் பழைய அளவு 621. விட்டத்தில் பெரிய மாற்றமில்லை என்பதால் கடைக்காரர் பிழையாக எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால் பக்கச்சுவரின் உயரம் 107 மில்லிமீட்டரிலிருந்து 92-ஆகக் குறைந்துவிடும். அந்த 15 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை. அது குறைந்தால் ஸ்டியரிங் திருப்பத்தில் ஒரு கூர்மை வரும், உண்மை. கூடவே பக்கச்சுவரில் புடைப்பும், ரிம்மில் நெளிவும், முதுகில் வலியும் வரும். சத்தி சாலையில் மழைக்காலத்தில் திடீரென்று தோன்றும் பள்ளங்களைப் பார்த்தவர் யாரும் இந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார். பெரிய அலாய் வீல் பெரும்பாலும் கூடுதல் எடையும் கொண்டது என்பதால், சக்கரம் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து ஏறி இறங்குவதும் மந்தப்படும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் 16 அங்குல ரிம்மிலேயே 205/55 போடலாம். விட்டம் 632 மில்லிமீட்டராகும், அதாவது 1.8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஏற்றம். வேகமானி 100 காட்டும்போது கார் முன்பு ஓடியதைவிட ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். வேகமானிகள் இயல்பாகவே சற்று மிகையாகக் காட்டுபவை என்பதால் இதில் கவலையில்லை. தரை இடைவெளி ஐந்தரை மில்லிமீட்டர் கூடும். ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் போன்ற கார்களுக்கும் இதே அளவு வருவதால், 195/55-ஐவிட இதில் தெரிவுகள் அதிகம். ஐந்தரை முதல் ஏழரை அங்குல அகல ரிம்களில் இந்த அளவு உட்காரும். உங்கள் அலாயின் உட்புறத்தில் பொறித்துள்ள அகலத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று கடையிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். கார் நிறுவனம் அங்கீகரிக்காத அளவு என்று காப்பீட்டுக் கோரிக்கையின்போது கேள்வி எழ இடமுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறு தலைவலியும் வேண்டாம் என்பவருக்குப் பழைய அளவே போதும்.

எந்த அளவானாலும் அதை அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 87வி என்றால் ஒரு டயர் 545 கிலோ எடையைத் தாங்கும், மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தகும் என்று பொருள். எச் என்றால் 210. அந்த வேகத்தில் யாரும் ஓட்டப்போவதில்லை. ஆனாலும் வேகக் குறியீடு உயர்ந்த டயர் வெப்பத்தைத் தாங்கும்படி கட்டமைக்கப்பட்டது என்பதால், காருடன் வந்ததைவிடக் குறைந்த குறியீட்டை ஏற்காதீர்கள்.

இனி வகை. மிச்செலின் பிரைமசி, யோக்கோஹாமா அட்வான் டிபி, கான்டினென்டல் அல்ட்ரா காண்டாக்ட் ஆகியவை சத்தம் குறைந்த, ஈரத்தில் நல்ல பிடிமானம் தரும் உயர்தரப் பயண டயர்கள். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 போன்றவை அசல் ஸ்போர்ட்ஸ் டயர்கள். பிடிமானமும் ஸ்டியரிங் துல்லியமும் ஒரு படி மேல், விலையும் தேய்மானமும் அதேபோல் மேல். மாதம் இரண்டு நாள் மலை ஏறிவிட்டு மற்ற நாள்களில் அலுவலகம் போகும் உங்களுக்கு முதல் வகையே போதும் என்பது என் முடிவு. பந்தயத் தடத்துக்கான மிருதுவான டயர் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். அதன் பட்டன்களுக்கு (சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு) இடையே பள்ளங்கள் குறைவு என்பதால் தேங்கிய நீரை வெளியேற்றவும் தெரியாது. நண்பரின் ஆலோசனையை மழை இல்லாத ஊருக்கு அனுப்பிவிடலாம்.

கேள்வி: என் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு டயர் தேடும்போது பக்கச்சுவரில் ‘டிரெட்வேர் 340, டிராக்‌ஷன் ஏ’ என்று இருப்பதைப் பார்த்தேன். வேறொரு நிறுவன டயரில் 420 என்று இருக்கிறது. 420 தான் நீண்ட நாள் உழைக்குமா?
*— கே.எம்., திருச்சி*

பதில்: உழைக்கலாம், ஆனால் அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. டிரெட்வேர் என்பது டயரின் தேய்மானத் தரம்; இது அமெரிக்க அரசு வகுத்த தர வரிசை. டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரை ஒட்டிய 400 மைல் சாலைச் சுற்றில் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயருடன் தேய்மானத்தைக் கணக்கிடுவார்கள். ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால், அதே சோதனையில் இருமடங்கு தாங்கும் என்று கணிக்கப்படும் டயருக்கு 200. எண்ணைத் தமது டயருக்குத் தாமே சூட்டிக்கொள்பவர்கள் தயாரிப்பாளர்களே என்பதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது உதவும். இரு நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட அவ்வளவாக உதவாது. டிராக்‌ஷன் எழுத்தும் ஈரமான சாலையில் நேர்க்கோட்டில் பிரேக் பிடிக்கும் திறனை மட்டுமே சொல்கிறது. வளைவில் பிடிக்குமா, தேங்கிய நீரில் மிதக்காமல் போகுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. இருந்தாலும் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். 200 என்ற எண்ணைக் கண்டால் அது தடத்துக்கான டயர் என்று எண்ணி விலகுங்கள். அன்றாடக் காருக்கு 300-க்கு மேல், டிராக்‌ஷன் ஏ அல்லது இரட்டை ஏ என்று தேடுங்கள்.

கேள்வி: என் ஸ்லாவியா 1.5 காரில் முன் டயர்கள் இரண்டும் மொட்டையாகிவிட்டன. பின் டயர்களில் பாதி மிச்சம். இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போடலாமா?
*— டி.ஜே., நாகர்கோவில்*

பதில்: இரண்டு மட்டும் வாங்கலாம்; ஆனால் புதியவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்தவற்றை முன்னுக்கு மாற்ற வேண்டும். இதைச் சொன்னால் பல கடைகளில் நம்மை விநோதமாகப் பார்ப்பார்கள். முன் சக்கரம்தானே காரை இழுக்கிறது என்பார்கள். தேங்கிய நீரில் முன் டயர் பிடியை இழந்தால் கார் திரும்பாமல் நேரே போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் பிடியை இழந்தால் கார் பம்பரமாகச் சுழலும். அதை மீட்கச் சாதாரண ஓட்டுநருக்கு நேரமே கிடைக்காது.

நீரில் மிதத்தலைப் பற்றி இன்னொன்று. 1963-இல் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சூத்திரம், டயர் எந்த வேகத்தில் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் என்பதை அதன் காற்றழுத்தத்தோடு இணைக்கிறது. அதன்படி 33 பாயின்ட் (பிஎஸ்ஐ) காற்றுள்ள டயருக்கு அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 96 கிலோமீட்டர். காற்று 25 பாயின்டாகக் குறைந்தால் 83 தான். விமான டயர்களுக்காகச் சொல்லப்பட்ட கணக்கு இது. பட்டன் நன்றாக உள்ள கார் டயர் ஆழம் குறைந்த நீரில் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் பட்டன் ஆழத்தைவிட நீர் ஆழமாக நின்றால், மொட்டை டயருக்கும் அதற்கும் வேறுபாடு சுருங்கிவிடுகிறது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை தேயச் சட்டம் அனுமதித்தாலும், மழை மாவட்டமான கன்னியாகுமரியில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடும்படி சொல்வேன். உங்கள் பின் டயர்களில் பாதி, அதாவது 4 மில்லிமீட்டர் அளவு இருக்குமானால், இன்னும் ஒரு பருவமழையை அவை தாங்கும். இனிமேலாவது 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் இடம் மாற்றிவந்தால், நான்கும் ஒன்றாகத் தேயும்; இந்தக் குழப்பமே எழாது.

கேள்வி: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை காரை ஓட்டுவேன். அதற்கும் அலுவலகத்துக்கும் பொதுவாக ஒரே டயர் கிடைக்குமா?
*— வி.பி., பொள்ளாச்சி*

பதில்: கிடைக்கும், அது இரண்டுக்கும் அரைகுறையாக இருக்கும். அன்றாடம் நல்ல பயண டயரில் ஓட்டுங்கள். உங்கள் காருக்குப் பொருந்தும் பழைய ரிம் நான்கு வாங்கி, தடத்துக்கான டயர்களை அதில் மாட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் டயர் ஒன்று 20 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கிறது. தயாரித்து இரண்டரை ஆண்டு ஆகிவிட்டது என்கிறார்கள். வாங்கலாமா?
*— ஏ.என்., மதுரை*

பதில்: முதலில் அவர்கள் சொல்வதை நம்பாமல் நீங்களே படியுங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம் என்பதால், மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 2020 ஜூனில் புதிய டயர்களின் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து உரிமம் கட்டாயமாக்கிய பிறகு, வெளிநாட்டில் தயாராகும் ஸ்போர்ட்ஸ் டயர்களில் சில அளவுகள் தேடினாலும் கிடைப்பதில்லை; கிடைப்பது பழைய சரக்காக இருப்பதில் வியப்பில்லை.

வெயில் படாத கிடங்கில் நிறுத்திவைத்த டயர் இரண்டரை ஆண்டில் கெட்டுவிடாது. ஆனால் தகரக் கூரையின் கீழே, மதுரை வெயிலில் அடுக்கிவைத்த ரப்பர் அதற்குள் இறுகத் தொடங்கியிருக்கும். பக்கச்சுவரை விரலால் அழுத்தி வளைத்துப் பார்த்து, மயிரிழை வெடிப்பு தெரிந்தால் திரும்பிவிடுங்கள். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பதும், பத்து ஆண்டில் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பதும் தயாரிப்பாளர்களே தரும் கணக்கு. நம் வெயிலில் ஆறாவது ஆண்டிலேயே மாற்றுவது என் வழக்கம். அந்த ஆறில் இரண்டரை கடையிலேயே கழிந்துவிட்டது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவராக இருந்தால், வயதாகும் முன் டயரே தேய்ந்துவிடும் என்பதால் தாராளமாக வாங்கலாம்; ஐயாயிரம்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் தள்ளுபடி உங்களுக்கு நட்டம். வாங்குவதானால் நான்கு டயர்களின் தேதி எண்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.