6174 அடிக்குமா?

கேள்வி: 6174 என்ற எண்ணுக்கு மந்திர சக்தி உண்டாமே? யாரோ ஒரு சாதாரணப் பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்தாராம். நாலு நம்பர் லாட்டரியில் இந்த நம்பரை எடுத்தால் அடிக்குமா?
- தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நம்பர் கதை அப்புறம். அது என்ன ‘சாதாரணப் பள்ளி ஆசிரியர்’? நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்ற ஊரில் 1930 முதல் 1962 வரை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் கப்ரேக்கர். பல்கலைக்கழகப் பதவியும் இல்லை, மேல்பட்டமும் இல்லை. 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இந்த எண்ணை அறிவித்தார். படித்த பெரியவர்கள் பலர் சில்லறை விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். 1975-இல் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் தோட்டப் பள்ளிகளில் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்த்த வாத்தியார்களையும் நாம் இப்படித்தான் ‘சாதாரணம்’ என்று தள்ளிவிட்டோம். அந்தச் சொல்லை இனி இந்தப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது எண்ணைப் பார்ப்போம். 2003-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியிலும் கணிதத்தை ஆங்கிலத்தில் நடத்தச் சொன்ன வருஷம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இலக்கங்களைப் பெரியதிலிருந்து அடுக்கினால் 3200, சிறியதிலிருந்து அடுக்கினால் 0023. கழித்தால் 3177. அதையும் அப்படியே அடுக்கிக் கழித்தால் 6354. அப்புறம் 3087, 8352, அடுத்தது 6174. அதற்கு மேல் நகராது. 7641-இல் 1467 போனால் மறுபடியும் 6174தான். நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நாலிலக்க எண்ணும் அதிகம் போனால் ஏழு கழித்தலில் இங்கே வந்து நிற்கும்.

மந்திரம் ஒன்றும் இல்லை. அடுக்கிய எண்ணில் முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கழித்தால் வருகிற விடை அதுதான். ஆகவே முதல் கழித்தலிலேயே, 0000 முதல் 9999 வரை ஒரே இலக்கமாக இல்லாத 9,990 எண்களும் வெறும் 54 விடைகளுக்குள் அடங்கிவிடும். மிச்ச வழி குறுகலானது, எல்லாம் ஒரே வாசலுக்குப் போகிறது. மூன்று இலக்கத்தில் அந்த வாசல் 495. ஐந்து இலக்கத்தில் வாசலே கிடையாது, சுற்றிச் சுற்றித்தான் வரும். இன்னொரு அழகு: 18, அதன் இருமடி 324, மும்மடி 5832. மூன்றையும் கூட்டினால் 6174. இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 18.

சரி, அடிக்குமா? புதன், சனி, ஞாயிறு எந்தக் குலுக்கலானாலும் முதல் பரிசு 6174-க்கு விழப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. 0000-க்கும் அதேதான். கவிழ்ந்து கிடக்கும் லாரியின் நம்பருக்கும் அதேதான். அடிபட்டவரைத் தூக்கும் முன்னே நம்பர் பலகையைக் குறித்துக்கொள்கிற கூட்டத்தை எத்தனையோ தடவை இங்கே கண்டித்தாயிற்று. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் காசு பிடுங்கும் எண்கணித ஜோதிடக்காரர்களையும்தான். அவர்கள் விளம்பரம் இந்த இதழில் வராது. 6174 பொறித்த மோதிரத்தோடு வந்தாலும் வராது.

எடுக்க நினைத்த காசுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்குங்கள். வீட்டு மோட்டார் சைக்கிளின் நம்பரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுங்கள். நாலிலக்கம் இருக்க வேண்டும், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். விடை 999 என்று வந்தால் 0999 என்று எழுதிக்கொள்ளட்டும். ஏழு கழித்தலிலும் 6174 வராவிட்டால் எங்கோ கடன் வாங்கியதில் பிசகு. முதலிலிருந்து போடச் சொல்லுங்கள்.